ஆற்றல் என்பது என்ன, அது ஏன் கூடுவதோ குறைவதோ இல்லை?

ஆயர்_ஈத்தாம்_வாசி · இரவு 8:40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு காணொலி சுற்றுகிறது. சக்கரத்தைச் சுற்றிக் காந்தங்களைப் பதித்து, கரண்டே இல்லாமல் மோட்டார் ஓடுகிறது என்று காட்டுகிறார்கள். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று நான் எழுதினேன். உடனே மாமா, "அதை யாருப்பா முடிவு பண்ணது? ஏன் முடியாது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பள்ளியில் படித்ததெல்லாம் "ஆற்றல் என்பது வேலை செய்யும் திறன்" என்ற ஒரு வரி. என் கேள்விகள் இரண்டு. ஆற்றல் என்பது உண்மையில் என்ன? அது ஏன் மாறாமல் இருக்கிறது? "அது இயற்கை விதி" என்று மட்டும் யாரும் முடித்துவிட வேண்டாம்.

ஜெலுத்தோங்_ஏர்கோன் · இரவு 9:05

நான் ஏர்கோன் (ஏசி) வேலை செய்றவன். இது மாதிரி கேள்வி எங்களுக்கு அடிக்கடி வரும். மெசின் ஒரு யூனிட் கரண்டு இழுத்து, சுமாரா மூணு யூனிட் வெப்பத்த ரூம்லேர்ந்து வெளிய தள்ளும். "ஒண்ணு போட்டா மூணு வருதே, மிச்சம் ரெண்டு எங்கேர்ந்து வந்துச்சு"ன்னு கேப்பாங்க. அந்த மூணும் புதுசா வந்தது இல்ல, ஏற்கனவே ரூம்ல இருந்த வெப்பம். வெளிய மாட்டியிருக்கிற அவுட்டோர் பக்கத்துல நின்னு பாருங்க, அங்க வர்றது நாலு. ரூம்லேர்ந்து எடுத்தது மூணு, இழுத்த கரண்டு ஒண்ணு. கணக்கு சரியா நிக்குது.

சமையலறை சூடா இருக்குன்னு ஐஸ்பெட்டிய திறந்து வச்சா அறை இன்னும் சூடாத்தான் ஆகும். காரணம் இதேதான்.

காந்த மோட்டார் விசயத்துல, அந்தப் பலகைக்குக் கீழ பேட்டரி இருக்கும். ஏன் இருந்தே ஆகணும்னு எனக்கு விளக்கத் தெரியாது. படிச்சவங்க சொல்லட்டும்.

மாக்மண்டின்_டீச்சர் · இரவு 9:48

ஜெலுத்தோங் தம்பி சொன்னதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன்: கணக்கு.

முதலில் அந்த ஒரு வரி வரையறை. தேர்வுக்கு அது போதும், இயற்பியலுக்குப் போதாது. பினாங்குக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவில் கிடக்கும் கடலைப் பாருங்கள். அதில் ஒரு கன மீட்டர் நீர் ஒரே ஒரு டிகிரி குளிர்ந்தால் சுமார் 42 லட்சம் ஜூல் வெளிப்படும். கரண்டு பில்லில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அப்படியானால் அந்தக் கால்வாயில் எத்தனை கோடி யூனிட் கிடக்கிறது! ஆனாலும் அதன் மேல் போகும் ஃபெரி, எரிபொருள் இல்லாமல் ஓர் அடி நகராது. கடலின் வெப்பம் வேலை செய்ய வேண்டுமென்றால், அது பாய்வதற்குப் பக்கத்தில் இன்னும் குளிர்ந்த ஓர் இடம் வேண்டும். ஆக, ஆற்றல் ஏராளம். அதை வைத்துச் செய்யக்கூடிய வேலை ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வதால்தான் மாணவர்கள் பின்னால் தடுமாறுகிறார்கள்.

இன்னொன்று. நீங்கள் இடிஎஸ் மின்ரயிலில் பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்குப் போகிறீர்கள். உங்கள் எடை 60 கிலோ, ரயிலின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர். நடைமேடையில் நிற்பவர் கணக்கில் உங்கள் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 45,000 ஜூல். பக்கத்து இருக்கையில் இருப்பவர் கணக்கில் அது பூஜ்யம். இருவர் சொல்வதும் சரி. ஆற்றல் என்பது உங்களுக்குள் ஊற்றி வைத்த ஏதோ ஒரு பொருள் என்றால், ஒரே நேரத்தில் அது 45,000 ஆகவும் பூஜ்யமாகவும் எப்படி இருக்கும்?

உயரத்தால் வரும் நிலையாற்றலும் அப்படித்தான். அதைத் தரையிலிருந்து அளப்பதா, கடல் மட்டத்திலிருந்து அளப்பதா என்பது நம் விருப்பம். மாற்றம் மட்டும்தான் முக்கியம்.

ஆகவே என் பதில் இது. ஆற்றல் என்பது ஓர் அமைப்பின் நிலையை வைத்து நாம் கணக்கிடும் ஓர் எண். வேகத்துக்கு ஒரு சூத்திரம், உயரத்துக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று, மின்புலத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். வெளியிலிருந்து யாரும் தொடாத அமைப்பில், உள்ளே என்ன ரகளை நடந்தாலும் அந்தக் கூட்டுத்தொகை மாறாது. ரயிலில் இருப்பவரும் நடைமேடையில் நிற்பவரும் வெவ்வேறு எண்ணைச் சொல்வார்கள். ஆனால் அவரவர் எண் அவரவருக்கு மாறாமல் நிற்கும்.

பிறை_ஃபேக்டரி · இரவு 10:20

டீச்சர், மன்னிக்கணும், எனக்கு இது ஒத்துக்கல. வெறும் எண்ணுக்கா நான் மாசா மாசம் காசு கட்டுறேன்? இன்னொன்னு, சார்ஜ் ஏத்துன பேட்டரி காலி பேட்டரிய விட எடை கூடுதல்னு படிச்சிருக்கேன். எடை இருக்குன்னா அது பொருள்தானே?

மிண்டன்_முதுகலை · இரவு 11:02

பிறை அண்ணன் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. எடை பற்றிய செய்தி உண்மை. கைப்பேசி பேட்டரியில் சுமார் 54,000 ஜூல் நிற்கும். ஐன்ஸ்டீனின் சமன்பாட்டின்படி அதை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால், ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நிறை வரும். எந்தத் தராசிலும் தெரியாது, ஆனால் கூடுவது கூடுவதுதான். உண்மையில் நம் உடம்பின் எடையில் பெரும்பகுதியும் இப்படிப்பட்டதுதான். அணுக்கருவின் புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகள் என்ற துகள்களின் சொந்த நிறை மிகக் கொஞ்சம், மற்றதெல்லாம் அவற்றைக் கட்டிவைத்திருக்கும் புலத்தின் ஆற்றலும் அவற்றின் இயக்க ஆற்றலும்.

அதனால் டீச்சர் "எண்" என்றதை "நாமாகக் கற்பித்துக்கொண்டது" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பொருளின் வேகமும் எண்தான், பார்ப்பவரைப் பொறுத்து மாறுவதுதான். அதற்காக வேகம் பொய் என்று யாரும் சொல்வதில்லை, லாரி இடித்தால் வலிக்கும். ஆற்றலும் அந்த வகை. அது ஒரு பண்பு. தனியாகப் பிரித்தெடுத்துப் புட்டியில் அடைக்கக்கூடிய சரக்கு கிடையாது. "தூய ஆற்றல்" என்று கதைகளில் வருமே, அப்படி ஒன்றை எந்த ஆய்வகத்திலும் யாரும் பார்த்ததில்லை. ஒளிகூடப் புலம்தான். அந்தப் புலத்துக்கு ஆற்றல் உண்டு, மோதும் பொருளைத் தள்ளும் உந்தம் உண்டு, வேறு பண்புகளும் உண்டு.

காசு விசயம். நீங்கள் இந்த மாதம் வாங்கிய அத்தனை யூனிட்டும் அழியாமல் அப்படியே இருக்கிறது. விசிறி, விளக்கு, டிவி எல்லாவற்றிலிருந்தும் வெப்பமாக மாறி வீட்டுக் காற்றில் கலந்து வெளியே போய்விட்டது. ஆக, காசு கட்டுவது ஒழுங்கான வடிவில் வந்த ஆற்றலுக்கு. கம்பியில் வரும் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் வேலையாக மாற்றலாம். அதே அளவு, அறைக் காற்றில் இளஞ்சூடாகப் பரவிவிட்டால் ஒன்றுக்கும் உதவாது. அப்படிப் பரவிப் போவதை அளக்கும் எண் வேறு, அதற்கு என்ட்ரோபி என்று பெயர். அது மூடிய அமைப்பில் குறையாது, பெரும்பாலும் கூடிக்கொண்டே போகும். "ஆற்றலைச் சேமியுங்கள்" என்று சுவரொட்டியில் எழுதும்போது நாம் உண்மையில் சொல்ல வருவது என்ட்ரோபியைப் பற்றி.

பிறை_ஃபேக்டரி · இரவு 11:10

லாரி உதாரணம் போதும் தங்கச்சி, ஒத்துக்குறேன். பொருள் இல்ல, பண்பு.

மார்க்கெட்ஸ்திரீட்_வாசகர் · காலை 7:15

"அதை யார் முடிவு பண்ணது" என்ற மாமாவின் கேள்விக்கு வரலாற்றுப் பக்கம் ஒன்று உண்டு. அது நமக்குப் பக்கத்திலேயே நடந்தது என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1840இல் ஒரு டச்சுக் கப்பலில் மருத்துவராக ஜாவாவுக்கு வந்தார் ஜெர்மனியைச் சேர்ந்த ராபர்ட் மேயர். சுராபாயாவில் மாலுமிகளுக்கு ரத்தம் இறக்கினார். அந்தக் காலத்தில் அது வழக்கமான சிகிச்சை. சிரையிலிருந்து வந்த ரத்தம், ஐரோப்பாவில் பார்த்ததைவிட நல்ல சிவப்பாக இருந்தது. இந்த வெயில் நாட்டில் உடம்பு தன் சூட்டைக் காக்க அதிகம் எரிக்க வேண்டியதில்லை, அதனால் ஆக்சிஜன் ரத்தத்தில் மிஞ்சுகிறது என்று அவர் ஊகித்தார். அதிலிருந்து அவர் மனம் வேகமாக ஓடியது. சாப்பாட்டிலிருந்து உடம்பின் சூடும் வருகிறது, கையால் செய்யும் உழைப்பும் வருகிறது. அப்படியானால் வெப்பமும் உழைப்பும் ஒரே கணக்கில் வர வேண்டும். 1842இல் எழுதி வெளியிட்டார். அப்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதனால் அவர் பட்ட மனவேதனை கொஞ்சமல்ல. இந்தப் பகுதியின் வெக்கையிலிருந்து பிறந்த ஒரு பெரிய எண்ணம் அது, நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதே 1840களில் மான்செஸ்டர் பக்கத்தில், மதுபான ஆலைக் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல் அந்தக் கணக்கை அளந்தே காட்டினார். எடைக்கல் கீழே இறங்க, அது இழுக்கும் கயிறு நீருக்குள் துடுப்பைச் சுழற்றும், நீர் இம்மியளவு சூடாகும். நம் பினாங்குக் கொடிமலையை வைத்துச் சொன்னால், ரயிலில் ஏறும் உயரம் சுமார் 700 மீட்டர். அங்கிருந்து நீர் விழுந்து, அதன் ஆற்றல் முழுவதும் அந்த நீரிலேயே வெப்பமாகத் தங்கினால், 1.6 டிகிரிதான் சூடேறும். இவ்வளவு சின்ன மாற்றத்தை மிக நுட்பமான வெப்பமானிகளால் பிடித்தது ஜூலின் திறமை. 1847இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதையெல்லாம் சேர்த்துப் பொது விதியாக எழுதினார்.

ஆயர்_ஈத்தாம்_வாசி · காலை 7:50

அருமை ஐயா. மேயர் கதை எனக்குப் புதுசு. ஆனால் இவர்கள் எல்லாரும் அளந்து பார்த்து "மாறவில்லை" என்றார்கள். ஏன் மாறவில்லை என்பது அப்படியே நிற்கிறதே. நாளைக்கு யாராவது அளந்து மாறுகிறது என்று சொல்லலாம் அல்லவா?

மிண்டன்_முதுகலை · மதியம் 1:30

அளந்து சொன்னவர்களுக்கு 70 ஆண்டுகளுக்குப் பிறகுதான் "ஏன்" வந்தது. நான் இயற்பியலைத் தேர்ந்தெடுத்ததற்கே காரணம் இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கொடிமலை ரயில் 1923லிருந்து ஓடுகிறது. ஒரே கேபிளில் இரண்டு பெட்டி, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இறங்குகிற எடை ஏறுகிற எடையைத் தாங்கிக்கொள்வதால், மோட்டார் வித்தியாசத்துக்கும் உராய்வுக்கும் மட்டும் ஈடு கொடுத்தால் போதும். இப்போது ஒரு கற்பனை. புவியீர்ப்பு எப்போதும் ஒரே அளவில் இல்லை, இரவில் 1 சதவீதம் குறைந்து பகலில் பழையபடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் தண்ணீரை இரவில் மேலே ஏற்றுகிறோம், கொஞ்சம் குறைந்த செலவில் ஏறிவிடும். பகலில் இறக்குகிறோம், முழு அளவும் திரும்பக் கிடைக்கும். ஏற்ற 67.9 லட்சம் ஜூல், இறக்கும்போது கிடைப்பது 68.6 லட்சம். தண்ணீர் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, நம் கையில் கிட்டத்தட்ட 70,000 ஜூல் மிச்சம். தினமும் செய்யலாம். எண்ணெயும் வேண்டாம், சூரியனும் வேண்டாம்.

இது ஏன் நடப்பதில்லை? புவியீர்ப்பின் விதி இரவுக்கொன்று பகலுக்கொன்று என்று மாறுவதில்லை. அவ்வளவுதான் காரணம். விதி நேற்றும் இன்றும் ஒன்றாக இருந்தால், ஏற்றும்போது போட்டதும் இறக்கும்போது வருவதும் சமம்.

கணக்கு வேண்டுமென்றால் அதுவும் சின்னதுதான். ஒரு பொருளின் மொத்த ஆற்றல் = (பாதி × நிறை × வேகத்தின் வர்க்கம்) + நிலையாற்றல். இது காலத்தோடு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பாருங்கள். முதல் பகுதி மாறும் வீதம், நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, விசை × வேகம். இரண்டாம் பகுதி, பொருள் நகர்வதால் மாறும் வீதம், அதே விசை × வேகம், ஆனால் கழித்தல் குறியோடு. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். மிஞ்சுவது ஒன்றே ஒன்று: பொருள் அசையாமல் நின்றாலும் நிலையாற்றலின் சூத்திரமே காலத்தோடு மாறுமானால், அந்த மாற்றம். சூத்திரத்தில் கடிகாரம் இல்லையென்றால் அதுவும் பூஜ்யம். உராய்வில் தொலைவதாகத் தெரிவதெல்லாம் அணுக்களின் துடிப்பாக இருக்கிறது, அந்த அளவில் போய்ப் பார்த்தால் இதே கணக்குதான்.

இதை ஒரு விசைக்கு, ஒரு பொருளுக்கு மட்டும் இல்லாமல், பெருவகையான விதிகள் அனைத்துக்கும் பொதுவாக நிறுவியவர் கணிதவியலாளர் எம்மி நோய்தர். 1915இல் ஹில்பர்ட், கிளைன் என்ற இரு கணிதவியலாளர்கள் அவரை ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். பெண் என்பதால் அவருக்கு ஆசிரியர் தகுதி மறுக்கப்பட்டது, அவர் வகுப்புகள் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன. 1918இல் வந்த அவருடைய தேற்றம் சொல்வது: ஒன்றைச் சிறிது சிறிதாக நகர்த்தினாலும் விதிகள் மாறாமல் இருக்கும் தொடர்ச்சியான சமச்சீர் எங்கே இருக்கிறதோ, அங்கே மாறாத ஓர் எண் இருக்கும். இடம் மாறினாலும் விதி மாறாது என்றால் உந்தம் மாறாது. திசை திரும்பினாலும் விதி மாறாது என்றால் சுழற்சியின் அளவான கோண உந்தம் மாறாது. காலம் நகர்ந்தாலும் விதி மாறாது என்றால், மாறாமல் நிற்கும் அந்த எண்ணுக்குத்தான் ஆற்றல் என்று பெயர்.

ஆகவே ஆயர் ஈத்தாம் அண்ணனின் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். "ஆற்றல் என்பது என்ன" என்று கேட்டால், விதிகள் காலத்தோடு மாறாததால் நமக்குக் கிடைக்கும் அந்த மாறாத எண். இயக்கத்துக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று என்று சம்பந்தமில்லாமல் தெரியும் சூத்திரங்களை ஒரே பெயரில் கூட்ட நமக்கு உரிமை கொடுப்பதும் இதுதான்.

ஜெலுத்தோங்_ஏர்கோன் · மாலை 6:12

இப்ப எனக்கே பேட்டரி ஏன் இருந்தாகணும்னு புரியுது. நிலைக்காந்தத்தோட இழுவிசை நேரத்துக்கு நேரம் மாறாது. சக்கரம் ஒரு சுத்து சுத்தி பழைய நிலைக்கு வந்தா அந்த எண்ணும் பழைய எண்ணுதான். அப்ப வெளிய எடுக்க ஒண்ணும் இல்ல, உராய்வுல போறதுக்கே பத்தாது. சரியா தங்கச்சி?

மிண்டன்_முதுகலை · மாலை 6:30

மிகச் சரி அண்ணே. ஒரு பக்கம் இழுத்துக் கொடுத்ததை மறுபக்கம் விடாமல் பிடித்துவைத்து வாங்கிக்கொள்ளும். காந்தத்தை எப்படிச் சாய்த்து வைத்தாலும் அப்படித்தான். நேரம் பார்த்து அணைத்துப் போடும் மின்காந்தம் என்றால் ஓடும், அணைத்துப் போட வெளியிலிருந்து ஆற்றல் வந்தாக வேண்டும்.

பிறை_ஃபேக்டரி · இரவு 8:05

விதிங்க காலத்தோட மாறலன்னு எப்படி உறுதியா சொல்றீங்க?

மாக்மண்டின்_டீச்சர் · இரவு 8:55

தேடிப் பார்த்துத்தான். 1969இல் அப்போலோ 11 நிலவில் வைத்த கண்ணாடி மீது லேசர் அடித்து, நிலவின் தூரத்தை இன்றும் அளக்கிறார்கள். ஈர்ப்பின் வலிமை மெல்ல மெல்ல மாறினாலும் நிலவின் பாதையில் தெரிந்துவிடும், தெரியவில்லை. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ என்ற இடத்தில், சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் யுரேனியத் தாதுவில் தானாகவே அணுப்பிளவு நடந்திருக்கிறது. 1972இல் கண்டுபிடித்தார்கள். அதில் எஞ்சிய தனிமங்களின் அளவைப் பார்த்தால், அணுக்கருவின் விதிகள் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

விதி ஆட்டம் கண்ட காலமும் உண்டு. சில கதிரியக்க அணுக்கள் எலெக்ட்ரானை வெளிவிடும்போது, கணக்கில் ஆற்றல் குறைந்தது. அணுவுக்குள் ஆற்றல் மாறாமை செல்லாதோ என்று நீல்ஸ் போர் போன்ற பெரியவரே யோசித்தார். 1930 டிசம்பரில் வொல்ஃப்காங் பவுலி, கண்ணுக்குப் படாத ஒரு துகள் மிச்சத்தை எடுத்துக்கொண்டு போகிறது என்று ஒரு கடிதத்தில் எழுதினார். 26 ஆண்டுகள் கழித்து, 1956இல், ரெய்ன்ஸும் கோவனும் நியூட்ரினோ என்ற அந்தத் துகளைப் பிடித்துவிட்டார்கள். வகுப்பில் இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும். அந்த எண் மீது வைத்த நம்பிக்கையால் ஒரு புதுத் துகளைத் தேடச் சொன்னார்கள், அது இருந்தது.

ஆயர்_ஈத்தாம்_வாசி · இரவு 9:20

அப்படியானால் விதி மாறாத இடத்தில் ஆற்றல் மாறாது. மாறுகிற இடம் ஏதாவது உண்டா?

மிண்டன்_முதுகலை · இரவு 10:15

உண்டு. பிரபஞ்சம் முழுவதும். விதி மாறுவதாகத் தெரியவில்லை, ஆனால் அரங்கமே விரிந்துகொண்டிருக்கிறது. நேற்றைய வெளியும் இன்றைய வெளியும் ஒரே அளவு இல்லை. பிரபஞ்சத்தின் இளமையில், சுமார் 3,000 கெல்வின் வெப்பத்தில் கிளம்பிய ஒளி இன்று 2.7 கெல்வினாக நம்மை வந்தடைகிறது. அதன் ஒவ்வொரு ஒளித்துகளும் கிளம்பியபோது இருந்ததில் கிட்டத்தட்ட 1,100இல் ஒரு பங்கு ஆற்றலோடு வருகிறது. மிச்சம் எங்கே போனது? காலம் நகர்ந்தால் அரங்கம் மாறுகிறது என்பதால் நோய்தரின் நிபந்தனையே அங்கு பொருந்தாது. ஆகவே மாறாத எண் என்று ஒன்று இருந்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. கோட்டிங்கனுக்கு அவரை அழைத்ததில் இந்தச் சிக்கலுக்கும் பங்குண்டு. ஐன்ஸ்டீனின் புது ஈர்ப்புக் கோட்பாட்டில் ஆற்றல் மாறாமை எப்படி வருகிறது என்பது ஹில்பர்ட்டுக்கும் கிளைனுக்கும் பிடிபடவில்லை.

மாக்மண்டின்_டீச்சர் · இரவு 10:40

அம்மா, அந்த மிச்சம் ஈர்ப்புப் புலத்துக்குப் போய்விட்டது என்று சொல்லும் இயற்பியலாளர்களும் இருக்கிறார்களே. மாணவர்களுக்கு அப்படிச் சொன்னால் விதி உடையாமல் நிற்கும்.

மிண்டன்_முதுகலை · இரவு 11:05

இருக்கிறார்கள் டீச்சர், இரு தரப்பும் ஒரே சமன்பாட்டைத்தான் தீர்க்கிறோம், விடையிலும் வித்தியாசம் இல்லை. ஆனால் ஈர்ப்புப் புலத்தின் ஆற்றல் இந்த இடத்தில் இவ்வளவு என்று ஐன்ஸ்டீனின் அந்த ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலில் குறித்துக் காட்ட முடியாது. இடத்தையும் காலத்தையும் குறிக்க நாம் எடுத்துக்கொள்ளும் ஆயங்களைப் பொறுத்து அது மாறிக்கொண்டே போகும். அதனால் "அங்கே மாறாமை பொருந்தாது" என்று நேராகச் சொல்வதைத்தான் நான் விரும்புகிறேன். பால்வீதிக்குள், சூரியக் குடும்பத்துக்குள் விரிவின் விளைவு கிடையாது என்றே சொல்லலாம், ஆகவே மாமாவின் காந்த மோட்டாருக்கு இதில் இடுக்கு எதுவும் இல்லை.

மாக்மண்டின்_டீச்சர் · இரவு 11:12

ஆறாம் படிவ மாணவர்களுக்கு உங்கள் வழி சரி. ஐந்தாம் படிவத்துக்கு நான் இன்னும் "மூடிய அமைப்பில் மாறாது" என்றுதான் சொல்வேன், கூடவே கொடிமலை ரயில் கணக்கையும் போட்டுக் காட்டுவேன். 1 சதவீதத்துக்குப் பதில் அவர்களே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கணக்கிடட்டும்.